மணப்பெண்ணுக்கு ஒரு சாண் பின்னால்

மார்ச் 4, செவ்வாய்

துணி துவைக்கும் மிஷின் மறுபடி பாதியில் நின்றுவிட்டது. தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றி, துணியைக் கையால் பிழிந்து காயப்போட்டுவிட்டுக் கீழே ஸ்டுடியோவுக்கு வந்து உட்காரும்போதே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. இவர் எடுத்துக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போய்விடுவார். பொறுக்குவது, நிறம் சரிசெய்வது, ஆல்பம் கட்டுவது எல்லாம் நான். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஊரில் நடக்கும் கல்யாணம் அத்தனையும் பார்க்கிறேன், ஒன்றுக்கும் போனதில்லை.

இன்று ஒரு விஷயம். மணப்பெண் மேடை ஏறி நிற்கிற படம். சிரிப்பு நன்றாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஆனால் முகம் தெளிவாக இல்லை. லேசாகத்தான், தூங்கி எழுந்த கண்ணால் பார்க்கிற மாதிரி. அசைந்திருப்பாள் என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணுக்குப் பின்னால் மேக்கப்காரி நிற்கிறாள், இவர் எடுக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் வருகிற அதே ஆள், வாயில் ஒரு ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு. அவள் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஹேர்பின்னில் சாயம் உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. குறித்து மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 5

நேற்று கடைசியில் எழுதியது பொய்.

மார்ச் 7, வெள்ளி

இவர் வெளியே போயிருந்தபோது பழைய கல்யாணங்களைத் திறந்து பார்த்தேன். ஜனவரியில் பெண்கள் எல்லாரும் கண்ணாடி மாதிரித் தெளிவு. பிப்ரவரி பாதியில் ஆரம்பித்து மேக்கப்காரி தெளிவு. பெண்கள் பாவம், சொந்தக் கல்யாணத்தில் அவர்கள் பக்கவாட்டு ஆள்.

அப்படியானால் பிப்ரவரியில் என்ன நடந்தது?

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் படத்தை உற்றுப் பார்த்தே கண் பூத்தவளுக்கு ஒன்று தெரியும். லென்ஸை நன்றாகத் திறந்து எடுக்கும் படத்தில் ஒரே ஒரு தூரம்தான் தெளிவாக விழும். முன்னால் இருப்பதும் மங்கல், பின்னால் இருப்பதும் மங்கல். எடுப்பவர் யாரைப் பார்த்து நிறுத்துகிறாரோ அவர்தான் தெளிவு. அதாவது படம் எடுத்தவரின் கண் எங்கே இருந்தது என்பதைப் படமே சொல்லிக்கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி சொல்வதை நம்பாமல் இருக்கலாம். இதை எப்படி நம்பாமல் இருப்பது?

கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. கேமரா எந்த இடத்தில் ஃபோகஸ் பிடித்தது என்று சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் கட்டம் நட்ட நடுவில், திரைச்சீலை மேல் நிற்கிறது. இவர் பழக்கம் அது. நடுப்புள்ளியை ஆள் மேல் வைத்து, பட்டனைப் பாதி அமுக்கி, பீப் என்று சத்தம் வந்ததும் அப்படியே கேமராவை நகர்த்தி எடுப்பார். ஆக, பிடித்தது ஓர் இடம், எடுத்தது ஓர் இடம். யாரைப் பிடித்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. வசதியான பழக்கம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பிடும்போது சும்மா பேச்சுவாக்கில் போட்டுப் பார்த்தேன். "என்னங்க, இந்த மாசப் படத்துல பொண்ணுங்க முகமெல்லாம் கொஞ்சம் மங்கலா இருக்கே."

"அப்படியா? லென்ஸ் கொஞ்சம் பின்னாடி பிடிக்குது போல. சீசன் முடியட்டும், காட்டணும்."

அவ்வளவுதான். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. யோசிக்காமல் வந்த பதில். யோசிக்காமல் வருவது உண்மையாக இருக்கும், இல்லையென்றால் முன்னாலேயே யோசித்து வைத்ததாக இருக்கும்.

மார்ச் 13

தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது.

"அவகிட்ட சிரிச்சுப் பேசுறாராக்கா?"

"தெரியல. நான் பாத்தவரைக்கும் பேசுறதே இல்ல."

"பேசுறதே இல்லையா? அப்ப கண்டிப்பா என்னமோ இருக்கு."

சிரித்துப் பேசினால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். "அப்பவும் இதேதான் சொல்லியிருப்பேன்" என்றாள். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் போனை வைக்க மனசு வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

லைட் பிடிக்கிற ஆள் வரவில்லை என்றார். நான் வருகிறேன் என்றேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசை. உண்மையில் சந்தோஷப்பட்டார். "வா, சாப்பாடும் நல்லா இருக்கும்" என்றார்.

கூட்டம், புழுக்கம், மேடையில் ஒரே வெக்கை. நான் குடை மாதிரி இருக்கிற லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேக்கப்காரி என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா, இன்னைக்குத்தான் உங்களப் பாக்கக் கெடைச்சுது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வயசு இருக்கும். இவரை "அண்ணா" என்கிறாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? ஊரில் எத்தனை அண்ணா பார்த்திருக்கிறோம்.

நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். அவள் பெண்ணை விட்டு நகருவதே இல்லை. வேர்வையை ஒற்றுகிறாள், முடியை ஒதுக்குகிறாள், முந்தானையை இழுத்து விடுகிறாள், எப்போதும் பெண்ணுக்கு ஒரு சாண் பின்னால் நிற்கிறாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்கிறார் இவர். "இதோ ஆச்சுண்ணா" என்கிறாள், தள்ளுவதில்லை. இவ்வளவுதான் பேச்சு. இவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, கண் எந்நேரமும் வியூஃபைண்டரில்.

அதுதானே விஷயம். அந்தச் சின்ன ஓட்டைக்குள் இவர் யாரைப் பார்க்கிறார் என்று வெளியே லைட் பிடித்து நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 19, புதன்

ஞாயிறு படங்கள் வந்தன. நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அப்படியும் அதே கதை. என் கண் முன்னாலேயே. பெண் மங்கல், அவள் தெளிவு.

அழுதேன். கொஞ்சம்தான். அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு மவுஸை எடுத்தேன். மங்கலாக்குகிற பிரஷ் ஒன்று இருக்கிறது. பின்னணியில் குப்பைத்தொட்டி, ஃபயர் சிலிண்டர் எல்லாம் வந்தால் அதால்தான் தேய்ப்பேன். மேக்கப்காரி முகத்தில் வைத்துத் தேய்த்தேன். பெண்ணின் முகத்தைக் கூர்மையாக்கினேன். இப்போது பார்த்தால் சரியான கல்யாணப் படம்.

மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 22

இன்னும் ஒரு ஆல்பம். தேய்த்தேன்.

மார்ச் 27, வியாழன்

இன்று தேய்ப்பது போதவில்லை. ஆளையே எடுத்துவிட்டேன். அவள் இருந்த இடத்தில் திரைச்சீலையை இழுத்து ஒட்டினேன், மடிப்புக்கு மடிப்பு பொருந்தி வந்தது. இரண்டு பக்கத்துக்குப் பெரிதாக வரும் படம், பிரிண்டுக்கு அனுப்பியாயிற்று. இதெல்லாம் தொழிலுக்கு அடுக்காது என்று எனக்குத் தெரியும். அவர் செய்வது மட்டும் அடுக்குமா?

ஏப்ரல் 3, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது.

காலையில், போன வாரம் பிரிண்டுக்கு அனுப்பினேனே, அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவரும் இருந்தார். மேஜை மேல் விரித்து, ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"எங்க பொண்ணு தோள்ல இருக்கறது யாரு கைங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். பெண்ணின் தோளில், முந்தானைக்கு மேல் நான்கு விரல். நகப்பூச்சோடு. விரலுக்குப் பின்னால் கை இல்லை, கைக்குப் பின்னால் ஆள் இல்லை, வெறும் திரைச்சீலை. மேக்கப்காரி மடிப்பைச் சரிசெய்துகொண்டு இருந்திருக்கிறாள். ஆளை எடுத்த நான் துணி மேல் இருந்த விரலை மறந்துபோனேன்.

"சம்பந்தி வீட்ல எல்லாரும் பாத்துட்டாங்க. உங்க பக்கத்துல போய்ச் சேந்தவங்க யாராச்சும் வந்து ஆசீர்வாதம் பண்றாங்களான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

இவர் ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடந்திருக்குங்க. அந்தப் பக்கத்த வேற அடிச்சுத் தரோம்" என்று அனுப்பி வைத்தார். அந்த அம்மா தெருவில் இறங்கியதும் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் செய்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இவங்கள ஏன் அழிச்ச?"

"பின்னணி நல்லால்ல."

"சரி. இதுல?" அடுத்த கல்யாணம். மேக்கப்காரி முகம் இருந்த இடத்தில் ஒரு கலங்கல். "இதுலயும் பின்னணி நல்லால்லையா? இதுல?"

பிறகு நான் என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. ஒரு மாசமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் கொட்டியது. நீங்க யாரப் பாக்குறீங்கன்னு படம் சொல்லுது, நான் ஒண்ணும் குருடி இல்ல, இத்தனை வருஷம் உங்க படத்தப் பாத்தவ, எனக்கா தெரியாது — இப்படி.

இவர் முதலில் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "லென்ஸ் பின்னாடி பிடிக்குதுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"ஒவ்வொரு கல்யாணத்துலயும் அதே பொம்பளையப் போய்ப் பிடிக்குதே. லென்ஸுக்கு அவ மேல அப்படி என்ன பிரியம்?"

எழுந்து போய்விட்டார். பதில் இல்லாததால் போனாரா, பதில் சொல்ல வேண்டாம் என்று போனாரா?

ஏப்ரல் 4

கீழேயே சாப்பிட்டார். நான் கொண்டுபோய் வைத்தேன். "ம்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று கல்யாணம் இல்லை. இவர் நாத்தனார் வீட்டுக்குப் போனார். நாத்தனார் வீட்டுக்குத்தான் போனார், போன் பண்ணி நாசூக்காக விசாரித்துவிட்டேன். கேமரா பை மேஜை மேல் இருந்தது.

லென்ஸ் பொய் சொல்கிறதா, இவர் பொய் சொல்கிறாரா என்று இன்று கண்டுபிடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். இவர் பொய் என்றால் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது. பெட்டிகூட மனசுக்குள் அடுக்கிவிட்டேன்.

தையல் டப்பாவிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து மேஜையில் சாய்வாக ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு நீள ஸ்கேல். நடுவில் சிவப்பு. அதற்குப் பின்னால் மஞ்சள், பச்சை, நீலம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, இவர் செய்கிற மாதிரியே நடுப்புள்ளியைச் சிவப்பில் வைத்துப் பாதி அமுக்கினேன். பீப். வியூஃபைண்டருக்குள் பச்சைப் புள்ளி எரிந்தது. பிடித்துவிட்டேன் என்று கேமரா சத்தியம் செய்கிறது. எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் போட்டால் சிவப்பு மங்கல். நீலம் தெளிவு, ஒவ்வொரு இழையும் தனித்தனியாக.

மறுபடி எடுத்தேன். ஸ்டாண்டைத் தள்ளி வைத்து எடுத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பைக் கேட்டால் நீலத்தைத் தருகிறது. எனக்கும் அந்த நீல நூல்கண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பிறகு லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் தள்ளினேன். பின்பக்க ஸ்க்ரீனில் படத்தை ஓடவிட்டு, சிவப்பு நூலைப் பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தைக் கையால் திருகினேன். கொஞ்சம் கூடிப்போனால் மங்குகிறது, திரும்பக் கொஞ்சம் பின்னுக்கு, இன்னும் கொஞ்சம். நூல் ஒரு இடத்தில் பளிச்சென்று வந்து நின்றது. எடுத்தேன். சிவப்பு, தெளிவாகச் சிவப்பு.

சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். கூடவே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

அப்படியும் ஒரு சின்னச் சந்தேகம். கேமராவை எடுத்துக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் நானே போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் உட்காரும் இடம், அதற்குள் நூறு கேமராவின் எலும்பு. என் நூல்கண்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, "இத யாரு எடுத்தது? சரியாத்தான் சோதிச்சிருக்கீங்க" என்றார்.

"லென்ஸ்தானேங்க தப்பு?"

"லென்ஸ் இல்லம்மா. உள்ள பெரிய கண்ணாடி ஒண்ணு இருக்கு, அதுக்குப் பின்னால ஒரு குட்டிக் கண்ணாடி. ஆட்டோஃபோகஸ் பாக்கறது அந்தக் குட்டி வழியா. அது மயிரிழை சாஞ்சாலும் போச்சு. தப்பான எடத்துல நின்னுக்கிட்டு சரின்னு பீப் அடிக்கும். நீங்க பின் ஸ்க்ரீன்ல பாத்துக் கையால பண்ணீங்கல்ல, அதுல கண்ணாடிக்கே வேலையில்ல, நேரா படம் விழற எடத்துலயே பாக்குறீங்க. அதான் சரியா வந்துச்சு. எங்கயாச்சும் இடிச்சீங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். பிப்ரவரியில் ஒரு மண்டபத்துப் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பியில் இடித்துவிட்டதாம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கு ஒரு விசாரணை வெப்ப. எப்படி இடிச்சது, யாரு கூப்பிட்டுத் திரும்புனீங்க, எங்க பாத்துக்கிட்டு நடந்தீங்கன்னு."

வைத்திருப்பேன்தான். மறுக்கவில்லை. நூல்கண்டு வைத்துப் பார்த்ததைச் சொன்னேன், கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன், "நீங்க சொன்னது சரிதான், தப்பு என்னோடது" என்றேன். இதற்கு முன் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. இவர் கேட்டுக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

"நான் சொன்னப்ப நம்பல. நூல்கண்டு சொன்னா நம்புற."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அன்றோடு முடிந்திருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கேமரா ரிப்பேரில். பழைய கேமராவோடு கல்யாணத்துக்குப் போனார். மத்தியானம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மண்டபத்து வாசல், பெயர்ப்பலகை, கடிகாரம். வார்த்தை ஒன்றும் இல்லை. சரி, ஏதோ ஆசையாக அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 16

பெட்ரோல் பங்க். பிரிண்ட் போடுகிற இடம். பல்பு வாங்கிய கடை. போகிற இடத்திலிருந்தெல்லாம் ஒரு படம் வருகிறது. அத்தனையும் தெளிவு, கடைப் பலகையின் கீழ்வரி வரைக்கும் படிக்கலாம்.

தங்கச்சியிடம் சொன்னேன். "குடுத்து வெச்சவக்கா நீ. எங்க வீட்டு ஆளு எங்க போறார்னு கேட்டாக்கூடச் சொல்றதில்ல" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு இன்றுதான் புரிந்தது. இது எனக்கு அனுப்புகிற படம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேக்கப்காரியைப் பார்க்கப் போனேன். விரல் விஷயம் அவள் காதுக்குப் போயிருக்கும், கல்யாண வீட்டுக்காரர்கள் விடுவார்களா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை, இரண்டு பெரிய கண்ணாடி, சுழல்கிற நாற்காலி. ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்து அனுப்பும்வரை என்னை உட்கார வைத்தாள்.

"என்னை எடுத்ததுதான் எடுத்தீங்க. விரல மட்டும் ஏங்க்கா விட்டீங்க" என்றாள். சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஏன் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும்க்கா. அந்த ஆல்பத்தப் பாத்ததும் புரிஞ்சுது. ஆனா நீங்க நெனச்சது ஒண்ணு, நான் நெனச்சது ஒண்ணு. பிப்ரவரியிலேந்து நான் போட்டுவிட்ட முகமெல்லாம் மங்கலாவே வருது. போட்ட மேக்கப் தெரியல, கண்ணு வரஞ்சது தெரியல. நான் புதுசா ஆள் புடிக்கறதே உங்க படத்தக் காட்டித்தான். நீங்கதான் என் பொழப்புல மண்ணு போட வேணும்னே மங்கலாக்குறீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நான் ஏன் அப்படிப் பண்ணப் போறேன்?"

"அத நானும் யோசிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்ச வேற மேக்கப்காரி யாராச்சும் இருப்பாங்கன்னு முடிவு பண்ணேன்."

இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மயிரிழை சாய்ந்த கண்ணாடி எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நினைத்தேன். பிறகு, கண்ணாடி மேல் பழியைப் போடுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்றும் நினைத்தேன்.

மே 2, வெள்ளி

கேமரா வந்து இரண்டு கல்யாணம் ஆகிவிட்டது. பெண்கள் எல்லாரும் தெளிவு. மேக்கப்காரி பின்னால் மங்கலாக, இருக்க வேண்டிய மாதிரி இருக்கிறாள்.

வீட்டில்தான் ஒன்றும் சரியாகவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார். கேட்காததைச் சொல்வதில்லை. முன்பெல்லாம் கல்யாணத்திலிருந்து வந்தால் வாய் ஓயாது. மாப்பிள்ளை வீட்டார் யாரோடு சண்டை, யார் சாப்பாட்டுக்கு முந்தினார்கள், எந்தக் குழந்தை மேடையிலிருந்து விழுந்தது, எல்லாம் நடித்துக் காட்டுவார். நான் "போதும், கை காயுது, கழுவுங்க" என்பேன். இப்போது தட்டு, தண்ணீர், டிவி. போனில் மட்டும் படம் வந்துகொண்டே இருக்கிறது. எங்கே இருக்கிறார் என்று எனக்கு எந்நேரமும் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

மே 9

"இனிமே படம் அனுப்ப வேண்டாங்க."

"பரவால்ல. அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் செலவில்ல."

மே 16, வெள்ளி

நாளைக்கு வெளியூர்க் கல்யாணம். இரண்டு நாள். ஒரே வேனில் எல்லாரும் போகிறார்கள், மேக்கப்காரியும்தான். இவர் பையை அடுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"படம் அனுப்பாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

"அப்புறம் நீ கேப்ப."

"கேக்க மாட்டேன்."

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பவில்லை. இப்போது இவர் முறை போலிருக்கிறது.

மே 17, சனி

படம் வரவில்லை. நான்தானே வேண்டாம் என்றேன்.

சொன்னபடி கேட்டுவிட்டாரே என்று நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே. முடியவில்லை. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றும் அனுப்பியவர், அந்த வேனில் அவளோடு போகிற அன்றைக்குப் பார்த்து நிறுத்துவானேன்? போனை எடுத்தேன், வைத்தேன். நாத்தனாரிடம் கேட்கலாமா என்று தோன்றியது, அவருக்கு எப்படித் தெரியும். தங்கச்சி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எடுத்தால் அவள் கேட்பாள், நான் சொல்வேன், ஊற்றுவாள்.

அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினேன். புத்தி எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும், அது போய் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் போய் நின்று திரும்பி வந்தேன். போன் பண்ணவில்லை. இந்த ஒரு நாளை எப்படியாவது தாண்டிவிட வேண்டும்.

மே 18

இன்றும் வரவில்லை. இன்றும் பண்ணவில்லை.

மே 20, செவ்வாய்

நேற்று வந்தார். களைப்பு, குளித்தார், படுத்தார். காலையில் மெமரி கார்டை என் மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டுடியோ முன்பக்கம் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனார்.

பெண், மாப்பிள்ளை, மேடை, கூட்டம், எல்லாம் சரி. நடுவில் ஒரே ஒரு படம். மண்டபத்துப் பின்படிக்கட்டு. மேக்கப்காரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்குகிறாள். மடியில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஜன்னலிலிருந்து ஒரு பக்க வெளிச்சம். பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, சுற்றிலும் ஒருவரும் இல்லை. கன்னத்தில் ஒட்டியிருக்கும் ஒற்றை முடிகூடத் தெளிவு.

எப்படிப் பிடித்தார் என்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? மேனுவல்.

ஆட்டோ என்றால் குட்டிக் கண்ணாடியைச் சொல்லலாம், பீப் சத்தத்தைச் சொல்லலாம். அந்தக் கண்ணாடியையும் இப்போது ரிப்பேர் பண்ணியாயிற்று. இது கையால் பிடித்தது. அந்தப் படிக்கட்டின் எதிரே நின்று, வளையத்தை முன்னுக்கும் பின்னுக்கும் திருகி, முகம் வருகிற வரைக்கும் பொறுமையாக நின்றிருக்கிறார். இதற்கு நூல்கண்டு வைத்துச் சோதனை கிடையாது. ரிப்பேர்க்காரரிடம் போய் நிற்க முடியாது. மங்கலாக்குகிற பிரஷ் பக்கத்திலேயே இருந்தது, அழிக்கிற பட்டனும் இருந்தது.

அழிக்கிற பட்டன் கேமராவிலும் இருக்கிறதே. இவர் நினைத்திருந்தால் வேனிலேயே அழித்திருக்கலாம். கார்டு என் கைக்குத்தான் வரும், நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன், என் குணம் இன்னது, எல்லாம் தெரிந்தவர். தெரிந்தும் வைத்திருக்கிறார். மறைக்க ஒன்றும் இல்லையா? நான் என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்றா? இல்லை, இவள் என்ன நினைத்தால் என்ன என்று விட்டுவிட்டாரா? எது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது, என்ன இருந்தாலும் இது என் தொழில். இந்த வருஷம் இவர் எடுத்ததில் இதுதான் நல்ல படம். பொறாமையாக இருந்தது. என்னை இப்படி நின்று நிதானமாக எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது. எடுக்கிற மாதிரி நான் ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்தும் பல வருஷம் ஆகிறது.

நிழலைக் கொஞ்சம் தூக்கினேன். சுவரின் மஞ்சளைக் குறைத்தேன். முகத்தில் கை வைக்கவில்லை.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். "படிக்கட்டுப் படம் நல்லா வந்திருக்கு."

இவர் கை தட்டில் நின்றது. "எது?"

"மேக்கப் பொண்ணு தூங்குறது. நான் கொஞ்சம் சரிபண்ணியிருக்கேன். பெருசா ஒரு பிரிண்ட் போட்டு அவளுக்குக் குடுங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தார். எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாக அடுத்து ஒரு கேள்வி வந்துகொண்டுதான் இருந்தது. இன்றும் ஒன்று வந்தது. கேட்டால் பதில் சொல்வார். பதிலோடு சாட்சியும் தருவார். நாளையிலிருந்து மறுபடி பெட்ரோல் பங்கும் கடைப் பலகையும் போனுக்கு வரும். தண்ணீரைக் குடித்து அதை விழுங்கினேன்.

பிறகு இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த மண்டபத்துல ஒரு கூத்து நடந்துச்சு" என்றார். "மாப்பிள்ளை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான். மேடையில எல்லாரும் ரெடி, ஆளக் காணோம். அவன் மாமா வெளிய நின்னு கதவத் தட்டி, பயப்படாத, நான் இருக்கேன், பயப்படாதன்னு கத்துறாரு. உள்ளேந்து அவன் சொல்றான், மாமா, நான் பயப்படல, நீங்க கொஞ்சம் சும்மா இருங்கன்னு." மாமா மாதிரிக் கையை வைத்துக் கதவைத் தட்டிக் காட்டினார். கை காய்ந்துகொண்டிருந்தது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.